வாயைக் கட்டச் சொல்லும் வாய்களுக்கு

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். படிச்சது இன்ஜினியரிங், அதுலயும் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல தத்தக்கா பித்தக்கான்னு பாஸ் ஆனவன். மருந்து மாத்திரை சந்தேகமெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. இங்க சண்டை மட்டும்தான் கிடைக்கும்.

ஆபீஸ்ல மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு போட்டி ஆரம்பிச்சாங்க. யாரு அதிகமா எடை குறைக்கிறாங்களோ அவங்களுக்குப் பரிசு. காபி மெஷின் பக்கத்துல ஒரு பலகை. வாராவாரம் திங்கக்கிழமை காலைல அதுல எல்லாரோட பேரும், எடையும், குறைஞ்ச கிலோவும் எழுதுவாங்க. எங்க டீம்ல ஒரு பையன், குமார்னு வெச்சுக்குவோம், நிஜப் பேரு வேணாம். முதல் மாசம் 6 கிலோ குறைச்சான். கை தட்டினோம். ரெண்டாவது மாசம் 1 கிலோ. மூணாவது மாசம் 3 கிலோ திரும்ப ஏறிருச்சு. பலகையில கடைசிப் பேரு அவனுது. எங்க லீட் அதைப் பாத்துட்டு, "என்ன குமார், ராத்திரியில ஃப்ரிட்ஜ் கதவு தானா திறந்துக்குதா?"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். எல்லாரும்னா, நானும்தான்.

அன்னிலேருந்து குமார் எங்க கூட சாப்பிட வர்றதில்லை.

அப்புறம் ஒரு நாள் லீட்கிட்ட நைசா ஆரம்பிச்சேன், "பாஸ், பாவம் அவன், விட்ருங்களேன்"னு. அவர் சொன்னதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "இதுல பாவம் என்ன இருக்கு? சிம்பிள் பிசிக்ஸ். உள்ள போறது அதிகம், வெளிய போறது கம்மி. வாயைக் கட்டணும், அவ்ளோதான். நீயும் இன்ஜினியர்தானே?"

நானும் இன்ஜினியர்தான். அதனாலதான் கோவம் வருது.

வெப்ப இயக்கவியல் முதல் விதியை யாரும் மறுக்கலை. எரிச்சதை விட அதிகமா சாப்ட்டாத்தான் கொழுப்பு சேரும். ஆனா அது காரணம் இல்லை, கணக்கு. உங்க வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழியுது. பிளம்பரைக் கூப்பிடறீங்க. அவர் வந்து மேல பாத்துட்டு, "சார், வெளிய போறதை விட உள்ள வர்ற தண்ணி ஜாஸ்தி, 500 ரூபா குடுங்க"ன்னு சொன்னா குடுப்பீங்களா? அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா நீங்க கூப்பிட்டது அந்த மிதவை வால்வு ஏன் மூடலைன்னு பாக்கறதுக்கு. 'வாயைக் கட்டு' ஆசாமிகள் எல்லாரும் இந்த பிளம்பர் மாதிரிதான். தொட்டியையே திட்டிட்டு இருப்பாங்க.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். ஒரு ஆளு நாளைக்கு 2500 கலோரி சாப்பிடறார்னா வருஷத்துக்கு 9 லட்சத்துக்கு மேல. ஒரு கிலோ கொழுப்புன்னா சுமாரா 7700 கலோரி. வருஷத்துக்கு ஒரு கிலோ ஏறுதுன்னா, நாளைக்கு வெறும் 21 கலோரி தப்பு. அரை இட்லி! நூத்துக்கு ஒண்ணு கூட இல்லாத பிழை. நம்ம லீட் உள்பட எந்த மனுஷனும் அரை இட்லி துல்லியத்துல கணக்கு வெச்சு சாப்பிடறதில்லை. (அவர் புராஜக்ட் எஸ்டிமேட் போடற லட்சணம் எனக்குத் தெரியும்.) அப்படியும் நிறைய பேருக்கு எடை வருஷக்கணக்கா பெரிசா மாறாம நிக்குதே, எப்படி? யாரோ உள்ள உக்காந்து கணக்கு பாக்கறாங்க. அந்த ஆளு மூளையில இருக்கார். அவருக்குத் தகவல் சொல்ற தூதர்கள்ல முக்கியமான ஒருத்தர் இன்சுலின்.

என்னது, இன்சுலினா? அது சர்க்கரைக்குப் போடற ஊசியாச்சேன்னு நீங்க கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தாங்க. 1921ல டொராண்டோவுல இன்சுலினைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் அரை நூற்றாண்டுக்கும் மேல, மூளைக்கும் இன்சுலினுக்கும் சம்பந்தமில்லைங்கறதுதான் பொது நம்பிக்கை. காரணமும் நியாயமானதுதான். தசையும் கொழுப்பும் சாப்பாட்டுக்கப்புறம் குளுக்கோஸை அள்ளிக்கறதுக்கு இன்சுலின் வந்து கதவைத் தட்டணும். மூளை அதுக்கெல்லாம் காத்திருக்காது. உடம்பு எடையில 2 சதவீதம் இருந்துக்கிட்டு 20 சதவீத சக்தியை முழுங்கற உறுப்பு அது, அதுக்குத் தனிக் கதவு. அப்ப இன்சுலினுக்கு அங்க என்ன வேலை?

1978ல அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்துல ஜெஸ்ஸி ராத் குழு, எலி மூளை முழுக்க இன்சுலின் ஏற்பிகள் பரவிக் கிடக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. போஸ்ட்மேனே வராத தெருவுல வீட்டுக்கு வீடு தபால் பெட்டி இருந்தா என்ன அர்த்தம்? போஸ்ட்மேன் வர்றான்னு அர்த்தம். அடுத்த வருஷமே ஸ்டீபன் வுட்ஸ், டேனியல் போர்ட் கோஷ்டி, பபூன் குரங்குகளோட மூளைத் திரவத்துல நேரடியா கொஞ்சம் கொஞ்சமா இன்சுலினை விட்டுப் பாத்தாங்க. குரங்குங்க சாப்பாட்டைக் குறைச்சுக்கிச்சு, எடையும் குறைஞ்சுது. யாரும் அதுங்ககிட்ட 'வாயைக் கட்டு'ன்னு சொல்லலை :-)

இது எப்படி வேலை செய்யுதுன்னா, உடம்புல கொழுப்பு அதிகமாக ஆக ரத்தத்துல இன்சுலின் அளவும் கூடுது. சாப்பிட்ட உடனேயும் கூடுது. அதுல ஒரு பங்கு மூளைக்குப் போகுது. மூளையோட அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்ன இடம். அங்க ரெண்டு கோஷ்டி நரம்பணுக்கள். ஒண்ணு 'பசிக்குது, பசிக்குது'ன்னு கூவற கோஷ்டி. இன்னொண்ணு 'போதும்பா, இலையை மடி'ங்கற கோஷ்டி. இன்சுலின் முதல் கோஷ்டி வாயை அடைச்சு ரெண்டாவது கோஷ்டிக்கு மைக்கை குடுக்குது. கொழுப்பிலேருந்து வர்ற லெப்டின்னு இன்னொரு ஹார்மோனும் (1994ல ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடிச்சது) இதே வேலையைப் பாக்குது. இது போக, ருசியான பண்டத்தைப் பாத்தா 'இன்னும் ஒண்ணே ஒண்ணு'ன்னு தூண்டற பகுதி இருக்கே, அங்கயும் இன்சுலினுக்குப் பேச்சு உண்டு. ஜெர்மனியில சாப்பாட்டுக்கப்புறம் பெண்களுக்கு மூக்கு வழியா இன்சுலின் ஸ்ப்ரே குடுத்துப் பாத்தாங்க, 2012ல வந்த ஆய்வு. திருப்தி கூடுச்சு, சாக்லேட் பிஸ்கட் சாப்பிட்டது குறைஞ்சுது. மூக்கு வழியா ஏன்னா, அது ரத்தத்துல பெரிசா கலக்காம மூளைக்குப் போய்ச் சேரும்.

சரி, தூதர் வந்து கத்தறார், ஆனா உள்ள இருக்கறவருக்குக் காது கேக்கலைன்னா? அதுதான் மூளையோட இன்சுலின் எதிர்ப்பு. உடம்புல இன்சுலின் பத்தாக்குறை இல்லை, சொல்லப்போனா குண்டா இருக்கறவங்களுக்கு வழக்கத்தை விட அதிகமாவே ஓடுது. கேக்க வேண்டிய இடத்துலதான் கேக்கலை.

2000ல ரொனால்ட் கானும் யென்ஸ் ப்ரூனிங்கும் ஒரு சோதனை பண்ணாங்க. நரம்பணுக்கள்ல மட்டும் இன்சுலின் ஏற்பியை நீக்கின சுண்டெலிகளை உருவாக்கினாங்க. மத்த உறுப்பெல்லாம் அப்படியே. சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, மத்த மாட்யூல் எதையும் தொடாம ஒரே ஒரு ஃபங்ஷனை கமெண்ட் பண்ணிட்டு ரன் பண்றது. பெண் எலிங்க அதிகமா தின்ன ஆரம்பிச்சுது. கொழுப்புத் தீனி குடுத்தப்ப ஆணும் பெண்ணும் மத்த எலிகளை விட குண்டாச்சு. உடம்பு முழுக்க லேசான இன்சுலின் எதிர்ப்பும் வந்துச்சு. அந்த எலியோட மன உறுதியில என்ன குறை கண்டீங்க?

எலி வேற மனுஷன் வேறன்னு ஒருத்தர் சொல்லுவார். நியாயம். மனுஷனுக்கு வருவோம். 2004ல மான்ஃப்ரெட் ஹால்ஷ்மிட் குழு, சாதாரண எடை உள்ளவங்களுக்கு எட்டு வாரம் மூக்கு வழி இன்சுலின் குடுத்தாங்க. ஆண்களுக்கு ஒரு கிலோவுக்கு மேல கொழுப்பு குறைஞ்சுது. பெண்களுக்குக் குறையலை. (ஏன்னு இன்னும் முழுசா விளங்கலை, பெண்கள் உடம்பைப் பத்தின ஆராய்ச்சியில இதொண்ணும் புதுசில்லை.) 2008ல அதே எட்டு வார சோதனையை குண்டான ஆண்கள்கிட்ட பண்ணாங்க. எடை குறையவே இல்லை. கவனிங்க, அதே மருந்து, அதே மூக்கு, அதே எட்டு வாரம். ஒல்லியானவன் மூளை கேக்குது, குண்டானவன் மூளை கேக்கலை. நம்ம லீட்கிட்ட சொல்ல நினைச்சது இதுதான்: நீங்க ரெண்டு தோசையோட எந்திரிக்கறது உங்க ஒழுக்கம் இல்லை பாஸ், உங்க மூளைக்கு 'போதும்'னு கேட்டுருச்சு, அவ்ளோதான்.

இதுல கோழி முதல்லயா முட்டை முதல்லயான்னு ஒரு கேள்வி இருக்கு. குண்டானதால மூளை கெட்டுச்சா, மூளை கெட்டதால குண்டானாங்களா? இதுக்கு மனுஷங்கள்ல இன்னும் தீர்ப்பு வரலை, வந்துடுச்சுன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. ஆனா தடயங்கள் இருக்கு. 2012ல சியாட்டில்ல ஜோஷ்வா தேலர், மைக்கேல் ஷ்வார்ட்ஸ் குழு எலிகளுக்குக் கொழுப்புத் தீனி குடுத்தப்ப, மூணே நாளுக்குள்ள ஹைப்போதலாமஸ்ல அழற்சி தெரிய ஆரம்பிச்சுது. எடை கணிசமா ஏறறதுக்கு முன்னாடியே. 2025ல ஜெர்மனியின் ட்யூபிங்கன்ல ஸ்டெஃபனி குல்மன் குழு இதை மனுஷங்கள்ல பாத்தாங்க. 29 பேர், எல்லாம் சாதாரண எடை உள்ள ஆரோக்கியமான ஆண்கள். அதுல ஒரு பகுதி பேருக்கு அஞ்சு நாள் தினமும் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல 1500 கலோரி அளவுக்கு சாக்லேட், சிப்ஸ் வகையறா. எடையில சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்லை. ஆனா ஈரல்ல கொழுப்பு ஏறியிருந்துச்சு. மூளை இன்சுலினுக்குப் பதில் சொல்ற விதமும் மாறிப்போச்சு. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆனப்புறமும் மூளை முழுசா பழைய நிலைக்கு வரலை. 29 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கை, அவங்க யாரும் பின்னாடி குண்டானாங்கன்னு இந்த ஆய்வு சொல்லலை. இருந்தாலும் அஞ்சே நாள்ங்க! எங்க வீட்டுல தீபாவளி முறுக்கு டின்னு தீரவே பத்து நாளாகும்.

அதாவது, எடை காட்டற மெஷின் அசையறதுக்கு முன்னாடியே வால்வு பழுதாக ஆரம்பிக்குது. பலகையில எழுதறது என்னவோ மெஷின் காட்டற நம்பரைத்தான்.

நிற்க. இது வரைக்கும் படிச்சுட்டு எதிர் முகாம்லேருந்து ஒரு கூட்டம், "பாத்தியா, நாங்க அப்பவே சொன்னோம், எல்லாத்துக்கும் இன்சுலின்தான் வில்லன், அரிசியை நிறுத்து"ன்னு விசிலடிச்சிட்டு வரும். மக்களே, கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கும் இருக்கு.

இவங்க கதைப்படி இன்சுலின் ஒரு கொழுப்பு சேர்க்கிற ஹார்மோன், அதைக் குறைச்சா கொழுப்பு தானா கரையும். கழுத்துக்குக் கீழ பாத்தா பாதி உண்மை, சேமிச்சு வைன்னு கொழுப்பு செல்லுக்கு உத்தரவு போடறது அதுதான். கழுத்துக்கு மேல அதே இன்சுலின் 'போதும், நிறுத்து'ங்குது. அந்த 2000ஆம் வருஷத்து எலிக்கு மூளையில இன்சுலின் பேச்சு எடுபடாமப் போனதாலதான் குண்டாச்சு, எடுபட்டதால இல்லை. அதோட, 2012 எலிங்க மூளையில அழற்சியைக் கொண்டாந்தது அரிசியில்லை, கொழுப்புத் தீனி. மாவுச்சத்தைக் குறைச்சு சர்க்கரை கட்டுக்குள்ள வந்தவங்க எனக்கே தெரிஞ்சு இருக்காங்க, அதை நான் மறுக்கலை. பலன் வந்தா நல்லா இருங்க. ஆனா 'எனக்குப் பலிச்சுது'ங்கறது வேற, 'இதுதான் காரணம்'ங்கறது வேற. ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுதுங்கறதுக்காக பக் எங்கன்னு தெரிஞ்சுட்டதா அர்த்தமில்லை.

2019ல அமெரிக்காவுல கெவின் ஹால் 20 பேரை ஆய்வுக்கூடத்துலயே தங்க வெச்சார். ரெண்டு வாரம் ஆலையில பதப்படுத்தின உணவு, ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச உணவு. தட்டுல வெச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ரெண்டுலயும் சமம். எவ்வளவு வேணா சாப்பிடலாம். பதப்படுத்தின உணவு வாரங்கள்ல அதே ஆளுங்க நாளைக்கு 500 கலோரி கூட சாப்பிட்டாங்க, 0.9 கிலோ ஏறுச்சு. சமைச்ச உணவுல 0.9 கிலோ இறங்குச்சு. ஒரே ஆளு, ஒரே மன உறுதி. மாறினது தட்டு மட்டும்தான். எங்க ஆபீஸ் பேன்ட்ரியில எடை குறைப்புப் பலகைக்கு நேர் எதிர்ல என்ன இருக்குன்னு நினைக்கறீங்க? ஓசி சிப்ஸ், ஓசி பிஸ்கட், ஓசி கூல்டிரிங்க்ஸ். வைக்கிறதும் அவங்கதான், பலகையில பேர் எழுதறதும் அவங்கதான். என்ன கொடுமை சார் இது!

"அப்ப மன உறுதியே வேணாமா? எல்லாரும் மூளை மேல பழி போட்டுட்டு பிரியாணி தின்னுட்டு இருக்கலாமா?" - இது எப்பவும் வர்ற பின்னூட்டம், அதனால நானே கேட்டுக்கறேன். மன உறுதி வேணும். ஆனா அது ஒரு பேட்டரி மாதிரி, பசி கரண்ட் மாதிரி. 1944-45ல மின்னசோட்டாவுல ஆன்செல் கீஸ் 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டார். எல்லாரும் தானா முன்வந்த தொண்டர்கள், உறுதியில குறைஞ்சவங்க கிடையாது. நாள் பூரா சாப்பாட்டு நினைப்பு, கனவுலயும் அதே. கட்டுப்பாடு முடிஞ்சதும் வயிறு வெடிக்கற அளவுக்குத் தின்னும் திருப்தி வரலை பலருக்கு. 2016ல இன்னொண்ணு வந்துச்சு. அமெரிக்க டிவியில எடை குறைக்கிற போட்டியில கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுப் பரிசோதிச்சாங்க. சராசரியா 58 கிலோ குறைச்சிருந்தவங்க, அதுல 41 கிலோ திரும்ப ஏறிருந்தாங்க. உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதை விட நாளைக்கு சுமார் 500 கலோரி கம்மி, அதுவும் ஆறு வருஷம் கழிச்சும். குமாரோட மூணாவது மாசம் ஞாபகம் வருதா?

இப்ப புது ஊசிங்க வந்திருக்கு. செமாக்ளூடைடை எடை குறைப்புக்குன்னு 2021ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க, 2025ல இந்தியாவுலயும் விற்பனைக்கு வந்துச்சு. இது இன்சுலின் இல்லை, குடல்லேருந்து வர்ற வேற ஹார்மோனோட நகல், ஆனா இதுவும் மூளையில 'போதும்' சொல்ற பக்கம்தான் பேசுது. பெரிய சோதனையில 68 வாரத்துல சராசரி 15 சதவீதம் எடை குறைஞ்சுது. ஊசியை நிறுத்தின ஒரு வருஷத்துல, குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துச்சு. விலை, பக்கவிளைவு, ஆயுசுக்கும் போடணுமாங்கற கேள்வி எல்லாம் இருக்கு, நான் விளம்பரம் பண்ணலை. ஆனா இதைக் 'குறுக்கு வழி'ன்னு சொல்ற வாய் இருக்கு பாருங்க, அது பிரஷர் மாத்திரை போடறவரைப் பாத்து அப்படிச் சொல்லாது. யோசிங்க: ஊசி போட்டா ஒரு ஆளுக்கு உறுதி வருது, நிறுத்தினா போகுதுன்னா, நாம இத்தனை நாள் 'உறுதி'ன்னு பேர் வெச்சிருந்தது எதுக்கு?

ஊசியில்லாமலும் ஒரு வழி தெரியுது. 2022ல அதே ட்யூபிங்கன் குழு, உடற்பயிற்சியே இல்லாத, எடை கூடின 21 பேருக்கு எட்டு வாரம் சைக்கிள், வேக நடைன்னு பயிற்சி குடுத்தாங்க. மூளையோட இன்சுலின் செயல்பாடு சாதாரண எடை உள்ளவங்க அளவுக்குத் திரும்புச்சு. எடை அப்படியொண்ணும் குறையலை! எங்க பலகைக் கணக்குல அந்த 21 பேரும் தோல்வி.

இன்னொரு விஷயம், நம்ம ஒல்லி லீடுக்காக. 2004ல புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நின்ன ஒரு போட்டோ மருத்துவப் பத்திரிகையில வந்து பிரபலமாச்சு. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. பாக்க ஒல்லி, உள்ள கொழுப்பு. 2023ல சென்னையில இருக்கற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தின ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை, பெரியவங்கள்ல 39.5 சதவீதம் பேருக்குத் தொப்பைன்னு சொல்லுச்சு. கொழுப்பு எங்க போய் உக்காருதுங்கறதுக்கும் மூளை இன்சுலினைக் கேக்கறதுக்கும் தொடர்பு இருக்குன்னு 2020ல குல்மன் குழு எழுதியிருக்காங்க. கேக்காத மூளைக்காரங்களுக்கு வயித்துக்குள்ள கொழுப்பு அதிகம். எங்க லீட் 64 கிலோதான். இன் பண்ணின சட்டைக்குள்ள ஒரு சின்னப் பானை தெரியும். பலகையில அதுக்குக் கட்டம் இல்லை.

அடுத்த மாசம் போட்டியோட ரெண்டாவது ரவுண்டாம். என் பேரை எடுத்துடுங்க, முடிஞ்சா பலகையையே எடுத்துடுங்க, அதுவும் முடியாதுன்னா அந்த ஓசி சிப்ஸையாவது எடுத்துடுங்கன்னு எச்.ஆருக்கு மெயில் தட்டினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு பதில் வந்திருக்கு. நேத்து மதியம் டப்பாவைத் தூக்கிட்டு குமார் சீட்டுக்கே போயிட்டேன். லெமன் சாதம் கொண்டாந்திருந்தான். சிரிச்சதுக்கு மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல விடுங்க ஜி"ன்னுட்டு, டப்பா மூடியில எனக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சான்.